தொடக்கநிலை நிரலாக்கப் பாடங்களுக்குக் கருத்துரை வழங்குதல்

கணினி நிரல் எழுதி அறியாத ஒருவருக்கு அதை முதன்முதலாகக் கற்றுத்தரும் பாடத்தைத் தொடக்கநிலை நிரலாக்கப் பாடம் என்கிறோம். தமிழில் இவ்வகைப் பாடங்களுக்கு இன்று பஞ்சமில்லை. தமிழ்நாட்டு மேனிலைக் கணினி அறிவியல் பாடநூல்கள் தமிழ்வழியிலும் கிடைக்கின்றன. 2012 சனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கி வருகிறது, து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களாகவும் வந்துள்ளது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் உள்ளன. தனியாட்கள் எழுதிப் பகிரும் சிறு பாடங்களும் உண்டு.

இவற்றைப் படித்துப் பார்த்து, எழுதியவருக்குப் பயன்படும்படி கருத்துச் சொல்வோர்தாம் குறைவு. வரும் கருத்துகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. 'அருமை, தொடர்ந்து எழுதுங்கள்' என்பது ஒன்று. ஒரு கலைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு இது தமிழா, இது சரியா என்று வாதிடுவது மற்றொன்று. முதல் வகை எழுதியவருக்கு மகிழ்ச்சி தரும். இரண்டாவது வகை அவரைச் சோர்வடையச் செய்யும். பாடம் இரண்டாலும் ஒரு வரிகூடத் திருந்தாது. எந்த வரியில், எந்த மாணவர், ஏன் நின்றார் என்று சொல்லும் கருத்துரையே பாடத்தைத் திருத்தும் என்பது என் கருத்து. நான் அதைத் தவறு செய்துதான் அறிந்தேன்.

நாற்பத்தொரு திருத்தங்கள்

நான் கணினி ஆசிரியன் அல்லன். கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் தளி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியது. இங்கே வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் மிகுதி. பெற்றோர் ரோசாத் தோட்டத்திலும் பசுமைக்குடிலிலும் வேலை பார்ப்பார்கள். அண்ணன்மார் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய் வருவார்கள். மாலையில் சில பிள்ளைகள் கணக்குக் கேட்க என் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு.

ஓசூரில் வேலை செய்யும் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், அந்தப் பிள்ளைகளுக்காகப் பைத்தான் மொழியை அறிமுகம் செய்து தமிழில் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். "சார், பார்த்துச் சொல்லுங்க" என்றார். நானும் பழைய வழக்கப்படி சிவப்புப் பேனாவை எடுத்தேன். வல்லினம் மிக வேண்டிய இடங்கள், ஒருமை பன்மை மயக்கங்கள், பொருந்தாத கலைச்சொற்கள் என்று நாற்பத்தொரு இடங்களில் சுழித்துக் கொடுத்தேன். அவர் "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போனார். இரண்டாம் பகுதி வரவேயில்லை.

சில மாதங்கள் கழித்து, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் அதே பாடத்தைக் கைப்பேசியில் செய்துபார்ப்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தேன். இரண்டாம் பக்கத்தில் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரல். அவன் 5 கொடுத்தான், 7 கொடுத்தான். விடை 57 என்று வந்தது. தான் எழுத்துப் பிழை செய்துவிட்டதாக எண்ணி மூன்று முறை அழித்து அழித்து எழுதினான். பிறகு கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இது வராது சார்" என்றான்.

பிழை அவனுடையது அன்று. பைத்தானில் 'இன்புட்' என்னும் கட்டளை எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே வாங்கும். சரங்களின் நடுவே கூட்டல் குறி இட்டால் அவை ஒட்டிக்கொள்ளும். 'இன்ட்' என்னும் செயற்கூற்றால் எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். பாடத்தில் அந்த ஒரு சொல் விடுபட்டிருந்தது. என் நாற்பத்தொரு திருத்தங்களில் இது இல்லை, ஏனென்றால் நான் அந்தப் பாடத்தின் ஒரு வரியைக்கூட இயக்கிப் பார்க்கவில்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்று விளிம்பில் எழுதத் தெரிந்த எனக்கு, பையன் எங்கே நிற்பான் என்று கண்டறியத் தெரியவில்லை.

பழைய அளவுகோல், புதிய நூல்

நூலை மதிப்பிடுவதற்குத் தமிழில் நெடுங்காலமாக அளவுகோல் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துக் கூறுகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் முதலிய குற்றங்களை நிரலாக்கப் பாடத்தோடு வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மேலே சொன்ன 57 குன்றக் கூறலால் வந்த வினை. பைத்தான் கற்பிக்க வந்த பாடம் பாபேஜ் காலத்துக் கணிப்பொறியிலிருந்து தொடங்கி ஆறு பக்கம் வரலாறு சொன்னால் அது மற்றொன்று விரித்தல். கருத்துரை எழுதுவோர் 'பாடம் நன்றாக இல்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த இடத்தில் எந்தக் குற்றம் என்று பெயரிட்டுச் சொன்னால் எழுதியவருக்கு வேலை எளிதாகும். அழகுகளும் அந்த நூலிலேயே உண்டு என்பதை மறக்கக் கூடாது. குற்றத்தை மட்டும் எடுத்து எண்ணியது என் பழைய பழக்கம்.

மயங்க வைத்தலுக்குத்தான் நிரலாக்கப் பாடங்களில் எடுத்துக்காட்டு நிறையக் கிடைக்கிறது. அதில் பாதி, தமிழ்ச் சொற்களின் இயல்பிலேயே பிறக்கிறது.

'வரை' என்ற சொல்லைப் பாருங்கள். '1 முதல் 10 வரை எண்களை அச்சிடுக' என்றால் தமிழில் பத்தும் சேர்த்தி. ஆனால் பைத்தானில் 'ரேஞ்ச்(1, 10)' என்பது 9இல் நின்றுவிடும். '1 முதல் 10 வரை' என்று பாடம் அதை விளக்கினால், தமிழ் நன்றாகத் தெரிந்த மாணவன்தான் முதலில் ஏமாறுவான். எங்கள் திண்ணையில் ஒரு சிறுமி எழுதிய ஏழாம் வாய்பாடு 63இல் நின்றது. எழுபது எங்கே என்று அவள் என்னைக் கேட்டாள். 'பத்தைத் தொடுவதற்கு முன் நின்றுவிடும்' என்று ஒரு தொடர் பாடத்தில் இருந்தால் போதும்.

எழில் மொழியில் இதே சொல் வேறு விதமாக வருகிறது. அங்கே நிபந்தனையை முன்னால் எழுதிப் பின்னால் 'வரை' என்று முடிப்பார்கள்; '@(எண் <= 10) வரை' என்பதுபோல. நிபந்தனை உண்மையாக இருக்கும் காலமெல்லாம் உள்ளே உள்ள வரிகள் திரும்பத் திரும்ப நடக்கும். வினை கடைசியில் வரும் தமிழ்த் தொடரமைப்புக்கு இது இயைந்த ஏற்பாடு, பாராட்ட வேண்டியது. ஆனால் தனியே நிற்கும் 'வரை', 'இருக்கும் வரை' என்றும் பொருள்படும், 'ஆகும் வரை' என்றும் பொருள்படும். இரண்டும் நேர் எதிர். முதலாவதில் நிபந்தனை பொய்யானால் நிற்கும். இரண்டாவதில் உண்மையானால் நிற்கும். மொழியை மாற்றச் சொல்வது கருத்துரையாளர் வேலை அன்று. முதல் எடுத்துக்காட்டின் கீழேயே 'இதை, எண் பத்துக்கு மிகாமல் இருக்கும் வரை என்று வாய்விட்டுப் படிக்கவும்' என்று ஒரு வரி சேர்க்கும்படி பாடம் எழுதுபவரைக் கேட்கலாம். அந்த வரியை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

சமக்குறியும் இப்படித்தான். 'அ = அ + 1' என்ற வரியைக் கண்டால் கணிதம் படித்த மாணவன் இரு பக்கமும் அ-வைக் கழித்து 0 = 1 என்று கண்டு திகைப்பான். அவன் திகைப்பது சரியே. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி மதிப்பளிக்கச் சமக்குறியைப் பயன்படுத்தியது. சி, பைத்தான் போன்றவை அந்த வழியில் சென்றன. அல்கால், பாஸ்கல் மொழிகள் இந்தக் குழப்பம் வேண்டாமென்று ':=' என்னும் குறியைக் கொண்டன. பாடத்தில் இந்த வரலாறு வேண்டியதில்லை. 'வலப்பக்கம் கணக்கிட்டு, வந்ததை இடப்பக்கப் பெட்டியில் வை' என்று படிக்கச் சொன்னால் போதும்.

ஒரே பொருளுக்குப் பல சொற்கள்

கலைச்சொல் வாதங்களில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. சார்பு என்றால் உள்ளே ஒன்றைக் கொடுத்தால் வெளியே ஒன்று வரும் என்று படிக்கிறார்கள். அடுத்த ஆண்டு கணினிப் புத்தகத்தைத் திறந்தால் அதே கருத்து 'செயற்கூறு' என்ற பெயரில் வருகிறது. எழிலில் அது 'நிரல்பாகம்'. ஆங்கிலவழி மாணவருக்கு மூன்றும் ஒரே சொல். கணிதத்தில் படித்தது கணினியில் கை கொடுக்கிறது. தமிழ்வழி மாணவர் புதிதாக ஒன்றைக் கற்பதாக நினைத்துக்கொள்கிறார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'அணி' என்றால் கணிதத்தில் நிரை நிரலாக எண்களை அடுக்கிய அமைப்பு. கணினிப் பாடத்தில் ஒரே இனத் தரவுகளின் வரிசை. தமிழ்ப் பாடத்தில் உவமையணி, உருவக அணி. மூன்றும் ஒரே நாளில் அடுத்தடுத்த பாடவேளைகளில் வரக்கூடும். எந்தச் சொல் சரி என்ற வழக்கை அறிஞர்கள் தீர்க்கட்டும். பாடத்துக்குக் கருத்துரை சொல்பவர் கேட்க வேண்டியது ஓர் இணைப்பு வரி: 'பத்தாம் வகுப்பில் படித்த சார்பு போன்றதே இது', 'இது கணிதத்தில் பார்த்த அணியை ஒத்தது, ஆனால் இங்கே ஒரே வரிசையாகவும் இருக்கலாம்'. இத்தகைய வரிகள் பாடத்தை நீளமாக்குவதில்லை.

மேனிலைப் பாடநூல்: பாராட்டும் குறையும்

2018-19ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய கணினி அறிவியல் நூல்கள் வந்தன. பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். பதினோராம் வகுப்பு நூல் நிரலுக்குள் நுழையுமுன் சிக்கலைப் பிரித்துப் பார்க்கக் கற்பிக்கிறது. ஓநாய், ஆடு, புல் மூன்றையும் ஓர் உழவர் படகில் ஆறு கடத்தும் புதிர் அங்கே வருகிறது. எங்கள் வீட்டில் பாட்டிமார் கேட்ட விடுகதை அது. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்துப் பிள்ளைகள் அதைச் செய்தபோது, ஒவ்வொரு நிலையையும் எழுதி வைத்தால்தான் விடை வரும் என்பதைத் தாமாகக் கண்டார்கள். ஒரு மொழியின் பெயரைக்கூடச் சொல்லாமல் நிரலாக்கத்தின் சாரத்தைச் சொல்லித்தரும் பகுதி இது. மதிப்புரை எழுதுவோர் இதைச் சொல்லாமல் விட்டால் நூலுக்கு அநீதி. அடுத்த பதிப்பில் இது சுருங்கிவிடவும் கூடும். பாராட்டு என்பது எதைத் தொடக் கூடாது என்று எழுதியவருக்குச் சொல்லும் குறிப்பும் ஆகும்.

பன்னிரண்டாம் வகுப்பு நூலின் வரிசையைப் பற்றி எனக்கு வேறு கருத்து. அதில் பதினாறு பாடங்கள். பைத்தான் ஐந்தாம் பாடத்தில்தான் தொடங்குகிறது. முதல் பாடம் செயற்கூறுகளைப் பற்றியது; அங்கே 'லெட்' என்று தொடங்கி ':=' குறியோடு செல்லும் வேறொரு குறிமுறையில் எடுத்துக்காட்டுகள் வருகின்றன. கருத்தளவில் அது நல்ல குறிமுறை. சமக்குறிக் குழப்பம்கூட அதில் இல்லை. ஆனால் இந்த ஆண்டு பைத்தான் என்று கேள்விப்பட்டுப் புத்தகத்தைத் திறந்த பெண் ஒருத்தி, முதல் பாடத்தின் வரிகளைப் பைத்தான் செயலியில் தட்டச்சுச் செய்து, தொடரியல் பிழை என்ற செய்தியையே ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கேட்க ஆளில்லை. நகரத்து மாணவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும் ஐயம், இங்கே ஒரு பாடத்தையே கைவிடக் காரணமாகலாம்.

'நூலின் வரிசை தவறு' என்று எழுதினால் பாடநூல் குழுவினருக்கு அது ஒரு கருத்து மட்டுமே. அவர்களுக்கும் காரணங்கள் இருக்கும். 'முதல் பாடத்தின் முதல் எடுத்துக்காட்டுக்கு மேலே, இவ்வரிகள் படித்துப் புரிந்துகொள்வதற்கானவை, பைத்தானில் இயக்குவதற்கானவை அல்ல என்று கட்டமிட்டு அச்சிடலாம்' என்று எழுதினால் அது அடுத்த அச்சிலேயே செய்யக்கூடியது. பதினான்காம் பாடத்தில் சி++ நிரலைப் பைத்தானுக்குள் கொண்டுவந்து இயக்குவது வருகிறது. அது தொடக்கநிலைக்குச் சுமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இது என் விருப்பு வெறுப்பு. 'லெட்' குறிமுறை பற்றியது நான் கண்ணால் பார்த்தது. இரண்டையும் ஒரே குரலில் சொன்னால் எழுதியவர் எதை முதலில் கவனிப்பார்?

பழையதாகிப் போன பாடங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2018க்கு முந்தைய மேனிலை நூலிலும், இன்றும் பல பயிற்சி மையக் குறிப்புகளிலும், சி++ நிரல் 'ஐயோஸ்ட்ரீம்.எச்' என்று தொடங்கி 'வாய்டு மெயின்' என்று போகும். டர்போ சி++ காலத்து வழக்கு அது. சி++ மொழிக்கு 1998இல் பன்னாட்டுத் தரம் வந்தபோதே இது வழக்கிழந்தது. இன்றைய தொகுப்பிகளில் இயங்காது. பைத்தானிலும் 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறியைக் கட்டாயமாக்கியது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பாடங்கள் அப்படியே கிடக்கின்றன. 'காலாவதியான பாடம்' என்று எழுதிவிட்டுப் போவது எளிது. 'தலைப்பில் உள்ள .எச் என்பதை நீக்கி, பெயர்வெளி வரியைச் சேர்த்து, வாய்டு என்பதை இன்ட் என்று மாற்றினால் இயங்குகிறது. நான் செய்துபார்த்தேன்' என்று எழுதினால் பாடம் அன்றே உயிர் பெறும். கணியம் போன்றவை படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடுவதால், திருத்திய வடிவத்தை நாமே பகிரவும் இடமுண்டு.

இன்னொரு சிறு தொல்லை. சொற்செயலியில் எழுதிய பாடங்களில் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடும். படியெடுத்து ஒட்டினால் பைத்தான் ஏற்காது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழையை எழுதியவரால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அவரிடம் உள்ள மூல நிரல் சரியாக இயங்கும். படிப்பவர் சொன்னால்தான் உண்டு.

சொல்லும் முறை

அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு நூத், தம் நூல்களில் பிழை கண்டு எழுதுவோருக்கு ஒரு பிழைக்கு 2.56 டாலர் வீதம் காசோலை அனுப்பி வந்தார். 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் 100. பலர் அதைப் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டார்கள். 2008 முதல் காசோலைக்குப் பதில் ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழ் அனுப்புகிறார். பிழை சொன்னவருக்கு நன்றி சொல்லும் எழுத்தாளர் இருந்தால் பிழை சொல்வோரும் பொறுப்போடு சொல்வார்கள். நம்மிடம் இந்த இரண்டுமே இன்னும் பழக்கமாகவில்லை. பிழை சொன்னால் பகை, சொல்லாவிட்டால் பண்பு என்று வைத்திருக்கிறோம்.

அறிவியலாளர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பயிற்சிகளில் மாணவர் இரண்டு நிற ஒட்டுத்தாள்களை வைத்துக்கொள்வார்கள். ஒன்று 'முடித்துவிட்டேன்', மற்றது 'நின்றுவிட்டேன்'. கை தூக்கக் கூச்சப்படுபவரும் தாளை ஒட்டிவிடுவார். எங்கள் திண்ணையில் ஒட்டுத்தாள் இல்லை, புளியங்கொட்டை வைத்தோம். எந்த வரியில் நிற்கிறார்களோ அந்த வரிமேல் ஒரு கொட்டை. நாலு பேர் படித்தால் எங்கே மூன்று கொட்டைகள் விழுகின்றன என்று பார்த்தாலே போதும். பாடத்தை எழுதியவருக்கு அதைவிடத் தெளிவான மதிப்புரை வேண்டியதில்லை. ஒரு கொட்டை மட்டும் விழுந்த இடத்தை நான் இப்போது விட்டுவிடுகிறேன்.

இப்படிச் சேர்த்ததை ஒரே தாளில் எழுதிக்கொண்டு அந்த இளைஞர் வீட்டுக்குப் போனேன். முதல் வரியில், பிழைச் செய்தி ஒவ்வொன்றுக்கும் அவர் தமிழில் பொருள் எழுதியிருந்தது பிள்ளைகளுக்கு மிகவும் உதவியது என்று எழுதியிருந்தேன்; அது உண்மையும்கூட. அதன் கீழே மூன்றே இடங்கள்: 57, ஏழாம் வாய்பாடு, வளைந்த மேற்கோள். ஒவ்வொன்றுக்கும் பக்க எண், பையன் செய்தது, மாற்று வரி. வல்லினத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "ஐயோ, இன்ட் விட்டுப்போச்சா?" என்று சிரித்தார். அன்றிரவே திருத்தினார்.

இரண்டாம் பகுதி இப்போது வந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டுப் பாடங்களில் வரும் பீட்சா எடுத்துக்காட்டை எடுத்துவிட்டு ரோசாக் கட்டுக்கணக்கை வைத்திருக்கிறார். ஒரு கட்டுக்கு 20 பூ. 87 பூ இருந்தால் எத்தனை கட்டு, மிச்சம் எத்தனை? '87 // 20' என்றால் 4. '87 % 20' என்றால் 7. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடையாது. ஆனால் நேற்று மாலை அந்த இடத்தில் மூன்று புளியங்கொட்டைகள் விழுந்தன. விடை என்ன வரும் என்று இயக்குமுன் எழுதச் சொன்னேன். மூவரும் 17.4 என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குறியை அவர்கள் விழுக்காடு என்றே படித்திருக்கிறார்கள். கணக்கு வகுப்பில் அப்படித்தான் நானே சொல்லிக் கொடுத்தேன். பக்கம் 5, மூன்றாம் வரி என்று குறித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும் கொடுக்க வேண்டும்.